கேள்வியோடு போய் இரவல் எடுத்த புத்தகங்கள்

எங்கள் பக்கத்திலிருந்து டவுன் நூலகத்துக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பேப்பர் பார்க்க வருகிறவர்கள். மீதிப்பேர் ஓ.எல்., ஏ.எல். பரீட்சைக்குப் படிக்க மேசை பிடிக்கிற பிள்ளைகள். இரவல் பகுதிக்குள் நுழைகிற கொஞ்சப் பேரும் நாவல் அலுமாரியோடு நின்றுவிடுவார்கள். அதைத் தாண்டினால் சட்டம், மண், மருத்துவம், விவசாயம், வரலாறு என்று முதுகில் இலக்கம் ஒட்டி அடுக்கிய புத்தகங்கள் இருக்கின்றன. அந்த வரிசையில் ஆள் நடமாட்டம் குறைவு. நானும் அம்மாவின் சேவைக்காலப் பணம் பற்றிய கேள்வி வந்த பிறகுதான் அங்கே போனேன். அன்றிலிருந்து விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அம்மா வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். 2025இல் அவர் வேலையிலிருந்து நின்றபோது அலுவலகத்தில் ஒரு கணக்குத்தாள் கொடுத்தார்கள். அதில் அம்மா வேலைக்குச் சேர்ந்த வருஷம் பிந்திப் போடப்பட்டிருந்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவர் தலைவரைப் பார்க்கச் சொன்னார், இன்னொருவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கச் சொன்னார். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை டவுனுக்குப் போய் நூலகரிடம் நேராகவே கேட்டேன்: “தொழிலாளர் சட்டம் பற்றித் தமிழில் ஏதாவது இருக்கிறதா?” 331ஆம் இலக்கத்தையும் 344ஆம் இலக்கத்தையும் காட்டினார். மெல்லிய கைநூல் ஒன்று கிடைத்தது.

அதில் படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். நாங்கள் சேவைக்காலப் பணம் என்பதற்குச் சட்டத்தில் பணிக்கொடை என்று பெயர். பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் 5 வருஷம் முடித்தவருக்கு அது உரிமை. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு வருஷத்துக்கு 14 நாள் கூலி. தோட்டத்து நாட்கூலிக்காரருக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான். கடைசியாக வாங்கிய கூலியை வைத்துத்தான் பெருக்க வேண்டும். நாளுக்கு 1,350 ரூபாய், 30 வருஷச் சேவை என்று வைத்தால் 14 நாளுக்கு 18,900, முப்பது வருஷத்துக்கு 567,000 ரூபாய். வேலையிலிருந்து நின்ற 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஊழியர் சேமலாப நிதி வேறு கணக்கு. அதற்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில் கொள்வோர் 12 வீதமும் கட்ட வேண்டும் என்பது சட்டம் சொல்கிற குறைந்த அளவு. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தைத் தொழில் கொள்வோர் மட்டுமே கட்டுகிறார்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சேமலாப நிதிக் கணக்கில் முதல் பணம் கட்டின வருஷத்தையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு போனேன். பழைய செக்றோலை, அதாவது வேலைப் பதிவேட்டை, எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டோம். பார்த்தார்கள். விடுபட்ட வருஷங்கள் சேர்ந்தன. சத்தம் போட வேண்டி வரவில்லை. சட்டத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் சொல்லிக் கேட்டால் எதிரே இருப்பவர் பேசுகிற விதமே மாறிவிடுகிறது.

இதே விஷயத்தில் இன்னொன்றும் கற்றேன். அந்தக் கைநூல் பழையது. ஓய்வு வயது 55 என்று போட்டிருந்தது. தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். நூலகர்தான் அதை உசாத்துணைப் பகுதியில் எடுத்துக் காட்டினார். தகவல் நூல் எதை எடுத்தாலும் முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, எந்த ஆண்டு அச்சிட்டார்கள், எத்தனையாவது பதிப்பு என்று பாருங்கள். வரலாற்று நூல் நாற்பது வருஷப் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, சில நேரம் அதுதான் நல்லது. சட்டம், மருந்து, கிருமிநாசினி, பரீட்சை விதிகள் பற்றிய புத்தகம் பழையதாக இருந்தால் அதை வைத்து விஷயத்தின் அடிப்படையை விளங்கிக்கொள்ளலாம். இன்றைய எண்ணை வேறு இடத்தில் சரிபார்த்தே ஆக வேண்டும்.

அங்கத்தவராகச் சேருவது பெரிய வேலை இல்லை. ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். பொதுவாக ஒரு விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, வதிவிடத்தை உறுதிப்படுத்த கிராம உத்தியோகத்தர் கையெழுத்து, பிணைக்கு ஒருவர், சின்னத் தொகை ஒன்று. தோட்டத்து ஆட்களுக்கு இடறுவது விலாசம்தான். லயக் காம்பராவுக்குத் தனி இலக்கம் கிடையாது, கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே வரும். அதனால் கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே பேசி, பிரிவின் பெயர், லய இலக்கம் எல்லாம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூராட்சி எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சில இடங்களில் கட்டணம் கூடும். அதையும் கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டங்களுக்குள் பிரதேச சபை செலவு செய்து சேவை வழங்க அது தடையாக நின்றது. 2018இல்தான் திருத்தினார்கள். ரோட்டுக்கும் தண்ணீருக்கும் இதைச் சொல்லிப் போராடினோம், நூலகத்துக்காக யாரும் பேசிக் கேட்டதில்லை. எங்கள் பிள்ளைகள் ஒரு புத்தகத்துக்காக பஸ் காசு கொடுத்து டவுனுக்குப் போக வேண்டியிருப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. டவுன் நூலகத்தை எங்களுடையது என்று நினைத்து உரிமையோடு பாவிக்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வதும் அந்தக் கோபத்தில்தான்.

சரி, வாசிப்புக்கு வருவோம்.

நூலகத்துக்குப் போகும்போது ஒரு கேள்வியோடு போங்கள். “வரலாறு பற்றி ஏதாவது” என்று போனால் கைக்கு எட்டுகிற தடித்த புத்தகத்தை எடுத்து வந்து, முன்னுரையோடு தூங்கிவிடுவோம். “தாத்தாவின் தம்பி ஏன் இந்தியாவுக்குப் போனார், தாத்தா ஏன் போகவில்லை?” என்பது கேள்வி. என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இப்படிக் கேள்விகளை எழுதி வைக்கிறேன். வேலை செய்யும்போதும் பஸ்ஸில் இருக்கும்போதும் ஏதாவது தோன்றும், உடனே எழுதிவிடுவேன்.

அடுத்தது இலக்கம். நூலகங்களில் பெரும்பாலும் தூயி தசாம்ச வகுப்பாக்கத்தில்தான் அடுக்குகிறார்கள். 1876இல் வந்த முறை. முழுவதும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எனக்கு வேண்டிய நாலைந்து மட்டும் தெரியும்: இலங்கை வரலாறு 954.93, தேயிலை 633.72, தொழிலாளர் விஷயம் 331, வாழ்க்கை வரலாறு 920. இலக்கம் தெரிந்தால் வேறு எந்த டவுனுக்குப் போனாலும், கண்டியில் உள்ள பெரிய நூலகத்துக்குப் போனாலும், நேராக அந்த அலுமாரிக்குப் போகலாம். தேடின புத்தகம் இல்லாவிட்டால் அதே வரிசையில் இடம் வலமாக ஒரு பார்வை பாருங்கள். எனக்கு நல்லவை பலதும் பக்கத்து இலக்கத்தில்தான் அகப்பட்டன.

எங்கள் நூலகத்தில் ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம், இரண்டு கிழமை. அந்த இரண்டையும் ஒரே விஷயத்தைப் பற்றியதாக எடுக்கிறேன், முடிந்தால் இரண்டு வேறு பார்வையில் எழுதியவையாக. தாத்தாவின் தம்பி பற்றிய கேள்விக்கு அப்படித்தான் எடுத்தேன். ஒன்று ராஜதந்திரக் கண்ணால் எழுதியது, மற்றது தோட்டத்து மக்கள் பக்கம் நின்று எழுதியது. முதலாவதில் கணக்கு துல்லியமாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப் போன இந்திய வம்சாவளி மக்களை 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பங்கு போட்டார்கள். ஒப்பந்தத்தில் மொத்தம் 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இரண்டாவது புத்தகத்தில் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் இருந்தார்கள், தலைமன்னாரில் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள், நீலகிரிப் பக்கம் போய் மறுபடி தேயிலையிலேயே வேலைக்கு நின்றவர்கள் இருந்தார்கள்.

முதலாவதை மட்டும் படித்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்த மாதிரி தெரிந்திருக்கும். இரண்டாவதை மட்டும் படித்திருந்தால் யார் எப்போது என்ன கையெழுத்துப் போட்டார்கள் என்று தெரியாமலே போயிருக்கும். இரண்டையும் விரித்து வைத்து, ஒன்று சொல்லி மற்றது சொல்லாமல் விட்டது என்ன என்று குறித்தபோதுதான் வீட்டில் சொன்ன கதைக்கு இடம் கிடைத்தது. விண்ணப்பம் போட்டதும் ஒரே வீட்டுக்குள் ஒருவர் அந்தப் பட்டியலிலும் ஒருவர் இந்தப் பட்டியலிலும் விழுந்ததும் எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை என்று விளங்கியது.

எல்லாருக்கும் தெரிந்ததாக நினைக்கிற கதையையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்பி நோய் வந்து அழிந்தது, அதனால் தேயிலை வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆண்டுகளை வரிசையாக எழுதினால் கதை கொஞ்சம் மாறுகிறது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867. கோப்பி இலைத்துரு நோயைக் கண்டது 1869. அதாவது நோய்க்கு முன்பே தேயிலை மண்ணில் இருந்தது. இடையில் மலேரியா மருந்துக்குப் பட்டை எடுக்கிற சிங்கோனா மரத்தை நட்டுக் காசு பார்க்க முயன்ற காலமும் ஒன்று உண்டு. என்னைப் போலத் தேயிலையில் வளர்ந்தவர்களே சிங்கோனா பற்றிக் கேள்விப்பட்டதில்லை. படிக்கிற வரலாற்று நூலில் வருகிற ஆண்டுகளை மட்டும் ஒரு தாளில் மேலிருந்து கீழாக எழுதிப் பாருங்கள். எழுதியவர் எங்கே தாவினார், எதை விட்டார் என்பது தெரிந்துவிடும்.

குறிப்பு எடுப்பது எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். இரவல் புத்தகத்தில் கோடு போடக்கூடாது, பக்கத்தை மடிக்கவும் கூடாது. பழைய கொப்பித் தாளை நீளவாக்கில் பாதியாக வெட்டி, புத்தகத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்கிறேன். தாளின் தலையில் புத்தகத்தின் பெயர், ஆண்டு, அலுமாரி இலக்கம். கீழே பக்க எண்ணும் இரண்டு மூன்று சொல்லும் மட்டும்: “84 – துண்டு முறை”, “112 – மண்டபம் முகாம், தடுப்பு”. வசனம் வசனமாக எழுதினால் வாசிப்பு நின்றுவிடும். தமிழில் வருகிற தகவல் நூல்கள் பலவற்றில் பின்னால் சொல்லடைவு இல்லை. இந்தத் தாளே எனக்குச் சொல்லடைவு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது தாள் ஃபைலுக்குப் போகிறது. ஒரு வருஷம் கழித்து மறுபடி தேவைப்பட்டால் புத்தகத்தை எடுத்து நேராக 112ஆம் பக்கத்தைத் திறக்கலாம்.

முழுவதும் படித்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் விட்டுவிடுங்கள். நாவலுக்கு அது சரி. தகவல் நூலில் பொருளடக்கத்தைப் பார்த்து, கேள்விக்குரிய அத்தியாயத்தை முதலில் படியுங்கள். அது பிடித்தால் முன்னால் போகலாம். மிகக் கடினமாக இருந்தால் அதே விஷயத்தில் சிறுவர் பகுதியில் உள்ள புத்தகத்தை முதலில் படியுங்கள். நான் மண்ணியல் பற்றிப் படிக்கத் தொடங்கியது அப்படித்தான். படமும் விளக்கமும் அவற்றில்தான் தெளிவாக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வாசிப்பு அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், நீண்ட நேரம் முடியாது. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு தேயிலைச் செய்கை பற்றிய புத்தகமொன்றை வாசித்தேன். கவ்வாத்து வெட்டும்போது சில இடங்களில் ஒன்றிரண்டு கிளையை வெட்டாமல் விட்டு வைப்பார்கள் என்று வந்தது. உடனே அம்மா, “ஆமா, அத வெட்டிட்டா செடி செத்துப் போகும், எங்க கங்காணி அத எண்ணிப் பாப்பாரு” என்றார். ஏன் என்று கேட்டால் தெரியாது. அடுத்த பந்தியில் காரணம் இருந்தது: வெட்டின செடி வேரில் சேர்த்து வைத்திருக்கிற மாச்சத்தை வைத்துத்தான் மறுபடி துளிர்க்கிறது, அந்தச் சேமிப்புக் குறைவாக இருந்தால், விட்டு வைத்த கிளையின் இலை உணவு தயாரித்துக் கொடுக்கும். வாசித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இத எழுதுனவரு மலையில ஏறிப் பாத்திருக்காரு” என்றார். இன்னொரு புத்தகத்தில் கொழுந்து நிறுப்பது பற்றி எழுதியிருந்ததைக் கேட்டுவிட்டு, இவர் தராசுப் பக்கம் வந்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். ஈரத்துக்கு என்று கழிக்கிற கிலோவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அதையும் என் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். வீட்டில் வேலை தெரிந்தவர் யாராவது இருந்தால், தையல்காரரோ மேசனோ, அவருக்கு அந்த வேலை பற்றிய புத்தகத்தை வாசித்துக் காட்டுங்கள். புத்தகத்தை எவ்வளவு நம்பலாம் என்று அவர் சொல்லிவிடுவார்.

உயிர்ப்பிரச்சினையாகவும் ஒரு தடவை புத்தகம் தேடியிருக்கிறேன். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்க மாட்டோம். எங்கள் லயத்துக்குப் பின்னாலும் சரிவு இருக்கிறது. பெருமழைக் காலமொன்றில் உசாத்துணைப் பகுதியில் உட்கார்ந்து மண்சரிவு பற்றி இருந்ததையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட விளக்கங்களும் இருந்தன. உசாத்துணை நூல்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள், தேவையான பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுக்கலாம். கவனிக்க வேண்டியவை இவை: நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, மரமும் லைட் கம்பமும் சாய்வது, கதவு ஜன்னல் திடீரென்று இறுகுவது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, இருந்த ஊற்று வற்றுவது அல்லது கலங்குவது. மழைக்கும் அளவு சொல்கிறார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தால் வெளியேறிவிட வேண்டும்.

அப்புறம் ஒரு ஜாம் போத்தல் தேடினேன். பக்கம் நேராக, அடி தட்டையாக இருக்க வேண்டும். அதை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் ஒரு கட்டைமேல் கட்டி வைத்து, காலையில் அடிமட்டத்தால் தண்ணீரின் ஆழத்தை அளந்தால் அதுதான் மில்லிமீற்றர். அளந்துவிட்டுக் கொட்டிவிட வேண்டும். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது அது காலை வேலை. யார் அளப்பது என்று சண்டையே வருகிறது. அவர்கள் எழுதின இலக்கத்தைக் கொழுந்துக்குப் போகிற அம்மாக்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். போத்தல் அளவை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. அறிவித்தல் வந்தாலோ வெடிப்பைக் கண்டாலோ உடனே இறங்கிவிட வேண்டும்.

மழை நாட்டில் இரவல் புத்தகத்தைப் பாதுகாப்பதும் ஒரு வேலைதான். பையில் வைக்கும் முன் பொலித்தீனில் சுற்றிவிடுங்கள். லயச் சுவரில் ஈரம் ஏறும், அதனால் புத்தகத்தைச் சுவரோடு சேர்த்து வைக்காமல் மேசை நடுவில் வையுங்கள். நனைந்துவிட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் காய வைக்காதீர்கள், பசை விட்டு அட்டை கழன்றுவிடும். தாள்களுக்கு நடுவே பழைய பேப்பரை வைத்துக் காற்றோட்டத்தில் விடுங்கள், பேப்பர் ஈரமானதும் மாற்றுங்கள். போயாவிலும் அரச விடுமுறையிலும் நூலகம் பூட்டியிருக்கும், திகதியைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். தவணை நீடிக்கப் போனில் சொன்னால் போதுமா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள், பஸ் காசு மிச்சம்.

தமிழ் அலுமாரி மெலிந்தது என்பது உண்மை. இருப்பதிலும் பாதி தமிழ்நாட்டில் அச்சானது, அவர்களுடைய சட்டமும் அவர்களுடைய பயிரும். இங்கத்தைய விஷயம் பல நேரம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது. பொருளடக்கத்தை மட்டுமாவது சிங்களம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பார்த்து, வேண்டிய அத்தியாயத்தை மட்டும் விளக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அப்படி எனக்கு மரக்கறிப் பயிர் நோய் பற்றி வாசித்துச் சொன்னார். 2005இல் தொடங்கிய நூலகம் வலைத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய பத்திரிகைகளும் ஸ்கேன் செய்து இலவசமாகக் கிடக்கின்றன, மலையகம் பற்றியவையும் உண்டு. அச்சில் கிடைக்காததை அதில் தேடிப் பார்க்கலாம்.

ஆனால் அலுமாரியை நிரப்பக் கேட்பதும் எங்கள் வேலைதான். வாசகர் கோரிக்கைப் புத்தகம் ஒன்று பெரும்பாலான நூலகங்களில் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு கடிதம் போதும். “தமிழ்ப் புத்தகம் வாங்குங்கள்” என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் நடக்காது. புத்தகத்தின் பெயர், எழுதியவர், பதிப்பகம், ஆண்டு, விலை எல்லாம் எழுதி, எத்தனை பேருக்கு எதற்குத் தேவை என்பதையும் ஒரு வரியில் சொல்லி, நாலைந்து அங்கத்தவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உள்ளூராட்சி சபைகளின் வரவு செலவுத் திட்டம் ஜனவரியில் தொடங்கும் ஆண்டுக்கானது. அதனால் வருஷக் கடைசியில் கொடுத்தால் பிந்திவிடும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், நூலகத்தில் கூட்டமும் போட்டியும் நடக்கும், சபை ஆட்களும் வருவார்கள். கடிதத்தை அதற்கு முன்பே கொடுத்துவிட்டு, அந்தக் கூட்டத்தில் எழுந்து அது எந்த மட்டில் இருக்கிறது என்று கேளுங்கள்.